கொழுப்பு கரைவது எங்கே?

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி ஒருவர் எழுதியது)

குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக் கண்ணேறு கழிப்பது நம் நாட்டு வழக்கம். மெலிந்த பிள்ளையைக் கண்டு கவலைப்படுவதும், பருத்த பிள்ளையைக் கண்டு பூரிப்பதும் பஞ்சமும் கொள்ளை நோயும் மிகுந்திருந்த காலத்தில் தோன்றிய உணர்வுகள். அன்று அவை சரியாகவே இருந்தன. உடலில் நாலு கைப்பிடிச் சதை கூடுதலாக உள்ள குழந்தை காய்ச்சலைத் தாங்கியது, மற்றது தாங்கவில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. யுனிசெஃப் நிறுவனம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளிடையே உடற்பருமன் எடைக் குறைவை முதன்முறையாக முந்திவிட்டது என்று கூறுகிறது. எடை குறைந்தோர் நூற்றுக்கு 9.2, உடற்பருமன் உடையோர் நூற்றுக்கு 9.4. நம் தமிழ்நாட்டிலோ, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி வயது வந்த பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். பெற்றோரின் தட்டும் பிள்ளையின் தட்டும் ஒரே அடுக்களையில்தானே நிரம்புகின்றன!

“இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர் வீட்டுச் சிக்கல், மீனவக் குப்பத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியவள்தான். என் தம்பியின் கதை அந்த எண்ணத்தை மாற்றியது. அதை எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். “பேரு மட்டும் போடாதக்கா” என்றான். ஆகவே பெயரின்றியே எழுதுகிறேன்.

எங்கள் ஏரியும் எங்கள் பிள்ளைகளும்

பழவேற்காட்டு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதியில் ஆள் இடுப்பளவு ஆழந்தான். ஆதலின் நீண்ட கழியை ஊன்றித் தள்ளியே படகைச் செலுத்துவது எங்கள் முன்னோர் பழக்கம். எங்கள் ஏரியில் ‘பாடு’ என்றோர் ஏற்பாடு உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் அது. என் தாத்தா காலத்துப் பிள்ளைகள் பத்து வயதிலேயே கழி ஊன்றினார்கள், வலை இழுத்தார்கள், ஏரியில் இறங்கி இறால் தடவினார்கள். ‘உடற்பயிற்சி’ என்ற சொல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இன்று நிலை வேறு. படகில் இயந்திரம் வந்துவிட்டது. முகத்துவாரம் மணல் மூடி அடைபடும்போதெல்லாம் மீன்வரத்து குறைகிறது. “நான் பட்ட பாடு என் பிள்ளை படக் கூடாது” என்று ஒவ்வொரு தகப்பனும் நினைக்கிறார். அதில் தவறே இல்லை. ஏரிக்கரைப் பக்கம் போனாலே பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. பள்ளி வேன் வாசலுக்கே வருகிறது. மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு, அதன்பின் கைப்பேசி. கடையில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் எண்ணெயில் பொரித்த பொட்டலங்கள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. ஏரியிலிருந்து பிள்ளையை விடுவித்தோம். ஆனால் ஏரி கொடுத்த உழைப்பிற்கு மாற்றாக எதையும் கொடுக்கவில்லை.

2014-இல் வெளிவந்த சென்னை ஆய்வொன்று இதை நன்கு விளக்குகிறது. ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்து பார்த்ததில், அரசுப் பள்ளிகளில் மிகை எடையும் பருமனும் உடையோர் நூற்றுக்கு 3.6 பேர், தனியார் பள்ளிகளில் 21.4 பேர். கட்டணம் கட்டி ஊர்தியில் அனுப்பும் வசதி வந்தவுடன் பருமனும் கூடவே வருகிறது என்பது இதனால் புலனாகும். அவ்வசதி இன்று குப்பத்திற்கும் வந்துவிட்டது. வரவேற்கத் தக்கதுதான், விலையையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு விளையாட்டு விழா

அப்போது தம்பிக்கு வயது 12. உயரம் 146 சென்டிமீட்டர். எடை 58 கிலோ. உயரத்தை மீட்டரில் வைத்துத் தன்னால் பெருக்கி, அதைக் கொண்டு எடையை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண். அவனுக்கு அது 27. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது பருமன் எல்லையைத் தாண்டிய எண்.

அவன் பள்ளியில் 600 மீட்டர் ஓட்டத் தேர்வு வைத்தார்கள். இரண்டாம் சுற்றிலேயே நின்றுவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்; சிரிப்பை அடக்க வேண்டியவர்களும் சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்றான். அதற்கு மறுநாள் தலைவலி. நான்காம் நாள் அம்மா வற்புறுத்தியபோதுதான் அழுதான்.

“ஓடுனா நெஞ்ச அடைக்குதுக்கா. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் இனிமே போக மாட்டேன்” என்றான்.

விலங்கியல் படிக்கிறேன் என்ற செருக்கில் வைத்தியத்தை நானே மேற்கொண்டேன். விடியற்காலையில் அவனை எழுப்பிக் கடற்கரை மணலில் ஓடச் சொன்னேன். நின்றால், “சோம்பேறி, ஓடு” என்று விரட்டினேன். பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமென்று அம்மா புறப்படும்முன் ஒரு குவளை இனிப்புப் பானம் கலக்கிக் கொடுத்தார். இரவுச் சோற்றை நான் பாதியாகக் குறைத்தேன். ஐந்தாம் நாள் மணலில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்த்த பார்வையில், சிரித்தவர்களில் நானும் ஒருத்தியாகி விட்டேன் என்பது தெரிந்தது.

அதன்பிறகே நூலகத்திற்குச் சென்றேன். நான் செய்தவற்றில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தவறு என்பதை உடலியல் நூல்கள் உணர்த்தின. அவற்றை ஈண்டுச் சுருங்கச் சொல்ல முயல்கிறேன்.

கொழுப்பு பழிக்கத் தக்கதா?

குளிர்காலத்தில் எங்கள் ஏரிக்குப் பூநாரைகளுடன் உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் வருகின்றன. வடக்கே நெடுந்தொலைவிலிருந்து பறந்து வரும் இப்பறவைகள் புறப்படுமுன் வயிறாரத் தின்று உடலெங்கும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. மூக்கன் இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் பறவை 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் பறந்து கடந்தது. வழியில் உணவில்லை, உடம்பிலிருந்த கொழுப்பே எரிபொருள்.

இயற்கை ஏன் கொழுப்பைத் தேர்ந்தது? ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரி ஆற்றல் தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 தருகிறது. மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்க அதனுடன் நீரையும் சுமக்க வேண்டும். கொழுப்புக்கு அது வேண்டாம். வளர்ந்த மனிதனின் தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் 100 கிராமும் கிளைக்கோஜன் தங்கும். அது சட்டைப் பையில் உள்ள சில்லறை. கொழுப்பு பெட்டியில் பூட்டிய பணம். ஆகவே கொழுப்பு பழிக்கத் தக்க பொருளன்று. பறவை சேர்க்கிறது, பறந்து செலவிடுகிறது. நம் பிள்ளைகள் சேர்க்கிறார்கள், பறப்பதில்லை. குறை அவ்வளவே.

பெட்டிக்குப் பூட்டும் திறவுகோலும் உண்டு. உணவு உண்டதும், குறிப்பாக இனிப்பு உட்சென்றதும், இன்சுலின் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் உயர்ந்து கொழுப்பு உயிரணுக்களைப் பூட்டுகிறது. உடல் உழைக்கும்போது சுரக்கும் அட்ரீனலின் அவற்றைத் திறக்கிறது. திறந்ததும் கொழுப்பு, கிளிசரால் ஆகவும் கொழுப்பமிலங்களாகவும் பிரிந்து இரத்தத்தில் இறங்கித் தசைக்குச் செல்கிறது. ஓடப்போகும் பிள்ளைக்கு இனிப்புப் பானம் கொடுத்து அனுப்பிய எங்கள் வீட்டார், பெட்டியைப் பூட்டிவிட்டுப் பணத்தை எடு என்று சொன்னவர்களாவோம். மேலும் 250 மில்லி குளிர்பானத்தில் சுமார் 25 கிராம் சர்க்கரை உண்டு. அது 100 கிலோ கலோரி. என் தம்பியின் எடையுள்ள பிள்ளைக்கு அது அரைமணி நேர நடைக்குச் சமம். குடிக்க ஒரு நிமிடம் போதும். தீர்க்க அரைமணி ஆகிறது.

எரிவது எப்படி?

தசைக்குச் சென்ற கொழுப்பமிலம் அங்குள்ள மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய அடுப்புகளில் எரிகிறது. அடுப்புக்குள் அதைக் கொண்டு சேர்க்கும் தோணியாகக் கார்னிட்டின் என்னும் பொருள் பயன்படுகிறது. உள்ளே ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது.

வியர்வையில் கொழுப்பு கரைகிறது என்று பலர் நம்புகின்றனர். வெயிலில் பிள்ளைகளைத் துரத்துவோரும் உண்டு. 2014-இல் ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் இதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். 10 கிலோ கொழுப்பு முற்றிலும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. அதற்கு 29 கிலோ ஆக்சிஜனை உள்ளிழுக்க வேண்டும். ஆகவே ‘கொழுப்பு கரைவது எங்கே?’ என்ற தலைப்பு வினாவுக்கு விடை: எரிவது தசையில், வெளியேறுவது பெரும்பாலும் மூச்சில். வியர்வை உடலைக் குளிர்விக்க வந்தது. கொழுப்பைக் கொண்டுபோக வந்ததன்று.

மூச்சைக் கொண்டே எந்த எரிபொருள் எரிகிறது என்றும் அறியலாம். மாவுச்சத்து எரியும்போது, உட்கொள்ளும் ஆக்சிஜனும் வெளிவிடும் கரியமில வாயுவும் சம அளவாக இருக்கும், விகிதம் 1. கொழுப்பு எரியும்போது அது 0.7 ஆகக் குறையும். டென்மார்க் நாட்டின் ஆகஸ்ட் குரோக், லிண்ட்ஹார்ட் ஆகியோர் இம்முறையில் உழைக்கும் உடலின் எரிபொருளை ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டனர். நுண்குழாய்களின் இயக்கத்தைக் கண்டறிந்தமைக்காகக் குரோக் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான்.

பின்னர் 1994-இல் புரூக்ஸ், மெர்சியே என்னும் அறிஞர்கள் ஒரு முக்கியமான கருத்தை வகுத்துரைத்தனர். எங்கள் மொழியில் சொன்னால், தசைக்குள்ளும் ஒரு பாடு முறை உண்டு. மெல்ல உழைக்கும்போது கொழுப்புக்கே பெரும் பங்கு. வேகம் கூடக்கூட அதன் பங்கு சுருங்கிச் சர்க்கரையின் பங்கு விரிகிறது. கடுமையாக ஓடும்போது கொழுப்பு ஏறக்குறைய ஒதுங்கியே நிற்கும். இடைப்பட்ட ஒரு வேகத்தில்தான் கொழுப்பு மிகுதியாக எரியும். அதைக் கண்டறியக் கருவி இல்லாவிட்டாலும் ஓரளவு கணிக்கலாம். மூச்சு சற்று வாங்க வேண்டும். ஆனால் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. நான் என் தம்பியை விரட்டிய வேகத்தில் அவனால் “அக்கா” என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

இங்கே ஒரு தடுமாற்றம் நேரலாம். மெல்ல நடந்தால்தான் கொழுப்பு எரியும், ஓடினால் எரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உடலில் கொழுப்பு குறைவதும் கூடுவதும் நடந்த அரைமணியில் மட்டும் தீர்மானமாவதில்லை. நாள் முழுதும் உண்டதற்கும் செலவிட்டதற்கும் உள்ள கணக்கே இறுதியில் வெல்லும். பிறகு மிதவேகத்திற்கு என்ன சிறப்பு? பருத்த பிள்ளையால் அதில்தான் நெடுநேரம் நிற்க முடியும், மூட்டு நோகாது, மறுநாளும் வருவான். நாள்தோறும் உழைக்கும் தசையில் அடுப்புகள் பெருகுகின்றன. அடுப்பு பெருகினால் உட்கார்ந்திருக்கும் வேளையிலும் கொழுப்பு எரிகிறது. உழைக்காத தசையிலோ அடுப்புகள் குறைவு. எரிபொருளை மாற்றிக்கொள்ளும் திறனும் மந்தம். வந்த கொழுப்பு எரியாமல் கல்லீரலிலும் தசையிலும் படிந்து, இன்சுலினின் சொல்லைக் கேளாத நிலையை உண்டாக்குகிறது. நீரிழிவுக்கு அதுவே வாயில்.

ஒழுங்கான பயிற்சியினால் எடை இறங்காவிட்டாலும் வயிற்றுக்குள் படிந்த கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. எடைக் கருவியின் முள் நகரவில்லை என்று மனம் உடைவோர் இதை நினைவில் கொள்வாராக.

பிள்ளைப் பருவம் ஏன் முக்கியம்?

சுவீடன் நாட்டின் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் அவர்தம் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரியைக் கொண்டு கொழுப்பு உயிரணுக்களின் வயதைக் கணித்தார்கள். அவற்றின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் இளமையிலுமே நிலைபெற்றுவிடுகிறது. வளர்ந்தபின் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அழிந்து புதிதாகத் தோன்றினாலும் மொத்தம் மாறுவதில்லை. பிற்காலத்தில் எடை குறைந்தாலும் பெட்டிகள் காலியாகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை.

நம் நாட்டவர்க்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் ஆங்கிலேயரான மருத்துவர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் உடலையுமே ஒப்பிட்டு எழுதினர். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பதே இந்திய உடலமைப்பு. இதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் 2015-இல் வெளியிட்ட அட்டவணைகளில் மிகை எடைக்கும் பருமனுக்கும் உரிய எல்லைகளை, வயது வந்தோரின் 25, 30 என்னும் உலக அளவுகளுக்குப் பதிலாக 23, 27 என்பவற்றுக்கு ஈடாகத் தாழ்த்தி வைத்துள்ளது.

அட்டவணை இல்லாதவர்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வலை பின்னும் நூலை எடுத்துத் தம்பியின் உயரத்திற்கு அறுத்தேன். அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றினேன். முனைகள் சேர நான்கு விரற்கடை போதவில்லை. பிறகு, “நீயும் கட்டிப் பாருக்கா” என்றான். ஒல்லி என்று பெயரெடுத்த என் இடுப்பிலும் நூல் இழுத்துப் பிடித்தே சேர்ந்தது. அவன் சிரித்தான். பல நாள்களுக்குப்பின் அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

அவன் பின்கழுத்தில் ஒரு கருமை படர்ந்திருந்தது. அழுக்கு என்று எண்ணி எங்கள் ஆயா தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தார். அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்த்தவுடன், அது அழுக்கன்று, இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் என்று விளக்கினார். சர்க்கரை அளவு நல்லபடியாகவே இருந்தது. “இப்பவே வந்தது நல்லதாப் போச்சு” என்றார். இக்கட்டுரையைப் படிப்போர் வேறொன்றையும் நினைவில் கொள்ளாவிட்டாலும், பிள்ளைகளின் பின்கழுத்துக் கருமையைத் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையாவது கொள்ள வேண்டுகிறேன்.

தகுதி என்பது எது?

பருத்த பிள்ளை ஓட முடியாதது சோம்பலால் அன்று. அவனுடைய இருதயமும் நுரையீரலும் மற்றப் பிள்ளைகளுடையவற்றுக்குப் பெரும்பாலும் இளைத்தவை அல்ல. ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு இயந்திரங்களை இரண்டு படகுகளில் பொருத்தி, ஒன்றில் மட்டும் பனிக்கட்டிப் பெட்டிகளை ஏற்றினால் எது பின்தங்கும்? இயந்திரத்தைக் குறை கூறுவோமா? ஓட்டமும் தாவலும் தன் உடலைத் தானே சுமக்கும் செயல்கள். அவற்றில் அவன் தோற்பான். ஆனால் பிடிப்பதிலும் தள்ளுவதிலும் எறிவதிலும் பருத்த பிள்ளைகள் மற்றவர்களுக்கு நிகராகவும் மேலாகவும் நிற்கிறார்கள். கொழுப்பைச் சுமந்து சுமந்து அவர்களுடைய தசையும் வளர்ந்திருக்கிறது. ஓட்டத்தை மட்டும் வைத்துத் தகுதியை அளப்பது, மீனை மரம் ஏறச் சொல்லி மதிப்பெண் இடுவது போன்றதே.

இதைப் படித்தபின் அப்பாவிடம் பேசினேன். முதலில் மறுத்தார். “படிக்கிற புள்ளய எதுக்கும்மா ஏரிக்குக் கூப்புடுற? ஊரு என்னா சொல்லும்?” என்றார். தொழிலுக்கன்று, உடம்புக்கு என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். சனி, ஞாயிறுகளில் ஆழமில்லாத இடத்தில், அவர் கண்பார்வையிலேயே, தம்பி கழி ஊன்றினான். அங்கே அவன் எடையைப் படகு சுமந்தது. அவன் வலிமை மட்டும் வேலை செய்தது. அவன் வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து தள்ளிய படகை அவன் தனியே தள்ளினான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் அவராகவே அவனை அழைத்தார்.

மற்ற நாள்களில் நானும் அவனும் கடற்கரையோரம் பேசிக்கொண்டே நடந்தோம். முதலில் இருபது நிமிடம், பிறகு நாற்பது. மூன்றாம் மாதத்தில் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே ஓட்டம், அடுத்த இரண்டுக்கு இடையே நடை என்று மாற்றினோம். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது அது சற்றுக் கடினமாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அறிவுரை. சோற்றைப் பட்டினி அளவுக்குக் குறைக்கவில்லை. வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டால் கொழுப்புடன் தசையும் போகும். குளிர்பானமும் பொட்டலமும் நின்றன. மீன் வழக்கம்போல் இருந்தது; பொரிப்பது மட்டும் குறைந்து குழம்பு கூடியது. இந்த மாற்றம் அவனுக்கு மட்டுமன்று, வீடு முழுவதற்கும் என்று அம்மா தீர்மானித்தார். ஒரே பந்தியில் ஒருவனுக்கு மட்டும் ‘வேண்டாம்’ என்பதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆறு மாதங்கள் சென்றன. எடை 57½ கிலோ. அதாவது அரைக் கிலோவே குறைந்தது. ஆனால் உயரம் 150 சென்டிமீட்டராகியிருந்தது. வலை நூலின் இடைவெளி நான்கு விரற்கடையிலிருந்து ஒன்றரையாகக் குறைந்தது. கழுத்தின் கருமை சற்று வெளுத்தது. பருமன் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. அவ்வாண்டு மீண்டும் 600 மீட்டர் வைத்தார்கள். கடைசியாகத்தான் வந்தான். ஆனால் நிற்காமல் வந்தான். வீட்டிற்கு வந்ததும் அவன் சொன்ன முதல் செய்தி அதுதான்.

நாம் செய்யத் தக்கவை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், அனைவரும் பெற்றோராவோம். விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பாக மாற்றும் வழக்கம் நம் காலத்தோடு ஒழிய வேண்டும். பருத்த பிள்ளையை முன்னால் நிறுத்திச் சிரிப்பதும், அவன் பெயருக்குப் பதிலாக உடம்பைச் சொல்லி அழைப்பதும் அவனை மைதானத்திலிருந்து துரத்தும் செயல்கள்; துரத்தப்பட்டவன் மேலும் பருப்பான். எல்லோரும் ஒரே ஓட்டம் ஓடும் நாளில், கயிறு இழுத்தலும் குண்டு எறிதலும் உடன் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் அவனுடைய சென்ற மாத நேரத்தோடு ஒப்பிடுவோம். அடுத்தவன் நேரத்தோடு வேண்டாம்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்றார். செரித்தது மட்டுமன்று, எரிந்ததும் அறிந்து உண்ண வேண்டும் என்பது இன்றைய உடலியல் அதனுடன் சேர்க்கும் ஒரு சொல். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அந்தச் சுவர் தகர்வதற்கு முன், வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நூலை அளந்து மடித்துப் பாருங்கள். அளந்த நூலைத் தம் இடுப்பிலும் ஒருமுறை சுற்றிப் பார்க்கும்படி, என் வகுப்புத் தோழியரையும் பேராசிரியப் பெருமக்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.